இழுதுக் காளான்கள்: உருவத்திலிருந்து உறவுக்கு ஒரு வகைப்பாட்டு வரலாறு



இலக்கணமும் இலக்கியமும் பேசப்படும் மேடையில் காளானுக்கு என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பே. பொருள்களுக்குப் பெயரிடுதலும் பெயரிட்டவற்றை இனம் இனமாகப் பகுத்தலும் மொழியின் முதற்பணிகள். அப்பணியில் மனிதர் எவ்வாறு தவறினர், எவ்வாறு திருந்தினர் என்பதைக் காட்டுவதற்கு, மழைக்காலத்தில் பட்டமரங்களில் தோன்றும் இழுதுக் காளான்களைப் போன்ற எடுத்துக்காட்டு அரிது. ஆகவே அவற்றின் வகைப்பாட்டு வரலாற்றை இன்றைய பொழிவின் பொருளாகக் கொள்கிறேன்.

இழுது என்பது குழைவும் வழவழப்பும் உடைய பொருளைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். கடலில் மிதக்கும் ஒளிபுகும் உடலுடைய உயிரை இழுதுமீன் என்று வழங்குகிறோம். நுங்கின் சதையையும், நம் வீட்டுச் சமையலில் உறையவைக்கும் அகார் அகாரையும் நினைவுகூர்ந்தால் இக்காளான்களின் உடலமைப்பு விளங்கும். குடையும் காம்பும் அற்ற, தொட்டால் நடுங்கும் உடலைக் கொண்டவை இவை.

1. பால்மரக் காட்டில் ஒரு செவி

சுங்கை ஊடாங் வனப்பூங்காவிலோ, அதனை அடுத்துள்ள பகுதிகளில் எஞ்சியிருக்கும் பால்மரக் காடுகளிலோ, இரவு மழை பெய்து ஓய்ந்த காலையில் நடப்போர் ஒரு காட்சியைக் காணலாம். விழுந்து கிடக்கும் கிளைகளிலும் அடிமரங்களிலும் பழுப்பு நிறச் செவிகள் வரிசையாக முளைத்திருக்கும். மேற்புறம் நுண்மயிர் படர்ந்து சாம்பல் பூத்திருக்கும். உட்புறம் வழவழப்பாக, நரம்போடிய காதுமடல் போலவே மடிந்திருக்கும். வெயில் ஏறியதும் அவை சுருங்கிக் கொம்பு போல் இறுகிவிடும். மறுமழையில் மீண்டும் விரியும்.

மலாய் மக்கள் இதனைச் 'செண்டாவான் தெலிங்கா கெரா' என்பர். குரங்குக்காதுக் காளான் என்பது அதன் பொருள். சீனர் 'மரக்காது' என்று பொருள்படும் பெயரால் வழங்குவர். ஐரோப்பியரும் இதன் இனத்தைக் காதென்றே கண்டு, செவியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'அவுரிகுலேரியா' என்னும் பேரினப் பெயரை அமைத்தனர். ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒரே உருவத்தைக் கண்டு ஒரே பெயரிட்டமை உருவத்தின் ஆற்றலைக் காட்டுகிறது.

மலாக்கா மாநிலத்திற்கும் இக்காளானுக்கும் உள்ள தொடர்பு ரப்பர் மரத்தின் வழியாக வந்தது. 1876-இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட ரப்பர் விதைகளின் வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லியின் ஊக்கத்தால், 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பரைப் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர்த் தோட்டங்கள் பெருகின; அவற்றில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் கங்காணிகளின் வழியாகப் பெருந்திரளாக வந்தனர். பால் வற்றிய மரங்கள் மறுநடவின்போது சாய்க்கப்பட்டுக் கிடந்த இடமெல்லாம் மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைகளுக்கு விருந்தாயிற்று. இன்றும் மலேசியாவில் காளான் வளர்ப்போர் ரப்பர் மரத்தூளைப் பைகளில் அடைத்தே இந்தக் காதுக் காளானை விளைவிக்கின்றனர்.

ஆக, மங்கும் வாளியும் ஏந்தி நிரை நிரையாக நடந்த நம் முன்னோர் நாள்தோறும் கண்ட உயிர் இது. அவர்கள் பேச்சு வழக்கில் இதற்கு வழங்கிய பெயர்களை முறையாகத் திரட்டும் பணி நமக்குக் காத்திருக்கிறது. ஏன் அது வேண்டும் என்பதை இறுதியில் கூறுகிறேன்.

2. நடுங்குவன எல்லாம் ஓரினம்

உயிர்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1753-இல் வெளியிட்ட நூலில் 'டிரெமெல்லா' என்னும் பேரினத்தைச் சேர்த்துக்கொண்டார். நடுங்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்த பெயர் அது. அப்பேரினத்தை அவர் பாசிகளின் பிரிவில் வைத்தார்.

அதன்கீழ் அவர் அடக்கியவற்றை இன்றைய அறிவு கொண்டு நோக்கினால் வியப்பு மிகும். ஈர நிலத்தில் பச்சை இழுதாகப் படரும் நாஸ்டாக் ஒன்று; அது பாக்டீரியாவைச் சார்ந்தது. மற்றொன்று பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் கற்பாசி இனம். ஜூனிப்பர் மரத்தில் இழுதுக் கொம்புகளாக வெளிப்படும் துருநோய்ப் பூஞ்சை இன்னொன்று. பட்ட கிளைகளில் செம்புள்ளிகளாகத் தோன்றும் வேறொரு பூஞ்சையும் அங்கே இருந்தது. இவற்றோடு காதுக் காளானும் இடம்பெற்றது. இவற்றை ஒன்றாகக் கட்டிய கயிறு புறத்தோற்றமும் தொடுகையுமே.

லின்னேயஸைக் குறைகூறுவது எளிது. ஆயினும் அவர் காலத்தில் பூஞ்சையின் இனப்பெருக்க உறுப்புகளை ஒழுங்காகக் காணும் கருவி இல்லை. கைக்கு எட்டிய பண்பைக் கொண்டே அவர் வகுத்தார்.

1794-இல் பெர்சூன் என்னும் அறிஞர் டிரெமெல்லா என்னும் பெயரைப் பூஞ்சைகளுக்கு மட்டும் உரியதாகச் சுருக்கினார். பூஞ்சையியலின் தந்தை எனப் போற்றப்படும் எலியாஸ் ஃபிரீஸ், 1821 முதல் 1832 வரை வெளியிட்ட பெருநூலில் இழுதுக் காளான்களுக்குத் தனியிடம் அளித்தார். காதுக் காளானை அவர் 'எக்சிடியா' என்னும் பேரினத்தில் வைத்தார். பாசியும் பூஞ்சையும் இவ்வாறு பிரிந்தபோதிலும், இழுதுத்தன்மையே உறவுக்குச் சான்று என்னும் கருத்து அசையாது நின்றது.

3. காழைத் தேடிய கண்கள்

இவ்விடத்தில் தொல்காப்பிய மரபியலை நினைவுகூர்தல் பொருந்தும். தொல்காப்பியர் புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பகுத்தார். அதன்படி வானளாவ நிற்கும் தெங்கும் பனையும் புல்லினம் ஆகின்றன. உயரத்தையும் பருமனையும் கண்ட கண்ணுக்கு அவை மரம். காழைக் கண்ட கண்ணுக்கு அவை புல். இன்றைய தாவரவியலும் தெங்கையும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரே பெரும் பிரிவில் வைக்கிறது. புறவடிவை விடுத்து உள்ளமைப்பை நோக்கினால் வகைப்பாடு ஆழம் பெறும் என்பதற்கு நம் நூலே சான்று.

இழுதுக் காளான்களின் 'காழ்' நுண்ணோக்கியில் வெளிப்பட்டது. இக்காளான்கள் தம் வித்திகளை 'பசிடியம்' என்னும் நுண்ணுறுப்பில் உண்டாக்குகின்றன. குடைக்காளானின் பசிடியம் தடுப்பற்ற ஒற்றையறை. அதன் தலையில் நான்கு காம்புகளும் காம்புக்கு ஒரு வித்தியும் இருக்கும். 1853-இல் பிரான்சு நாட்டு லூயி ரெனே துலான், டிரெமெல்லாவின் பசிடியம் அவ்வாறன்றித் தடுப்புச் சுவர்களால் பிரிந்திருப்பதைக் கண்டு வெளியிட்டார். அது முதல் ஆய்வாளர் பார்வை காளானின் மேனியை விட்டுப் பசிடியத்தின்மேல் பதிந்தது.

அவ்வாறு நோக்கியபோது ஒரே இழுது உடலுக்குள் மூன்று வேறு கட்டட முறைகள் இருப்பது தெரியவந்தது.

காதுக் காளானின் பசிடியம் நீண்ட உருளை. மூன்று குறுக்குச் சுவர்கள் அதனை ஏணிப்படிகள் போல ஒன்றன்மேல் ஒன்றான நான்கு அறைகளாக்குகின்றன.

டிரெமெல்லாவின் பசிடியம் உருண்டை. மங்குஸ்தான் பழத்தை மேலிருந்து கீழாகச் சிலுவை போல் நான்காகப் பிளந்தாற்போல, நெடுக்குச் சுவர்கள் அதனைப் பிரிக்கின்றன.

பட்டமரத்திலும் பழைய மரவேலியிலும் மஞ்சள் துளிகளாகத் தோன்றும் 'டாக்ரிமைசிஸ்' இனத்தின் பசிடியத்தில் தடுப்புச் சுவர் இல்லை. அது கவண்கோல் போல் இரண்டாகக் கிளைத்து நிற்கும். கண்ணீர் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே இவ்வினத்தின் பெயருக்கு அடி.

1887-இல் பிரான்சின் பத்துயார், இத்தகைய மாறுபட்ட பசிடியம் உடையவற்றை ஒரு பிரிவாகவும் ஒற்றையறைப் பசிடியம் உடையவற்றை மற்றொரு பிரிவாகவும் வகுத்தார். அக்காலத்திலேயே செருமானிய அறிஞர் பிரெஃபெல்டு, சுவருடைய பசிடியங்களே முந்தைய நிலை என்று கருதினார். எனினும் ஒரு சிக்கல் தீரவில்லை. எக்சிடியாவின் பசிடியமும் டிரெமெல்லாவினதைப் போலச் சிலுவையாகவே பிரிந்திருந்தது. அதனால் நெடுங்காலம் அவ்விரண்டும் உறவாக எண்ணப்பட்டன. காதுக் காளானின் குறுக்குச் சுவர்கள் துருநோய்ப் பூஞ்சையின் சுவர்களை ஒத்திருந்தமையால், அவையும் உறவெனக் கொள்ளப்பட்டன. உள்ளமைப்பிலும் ஒரே ஓர் உறுப்பை மட்டும் நம்பினால் ஏமாற்றம் நேரலாம் என்பது பின்னரே தெளிந்தது.

4. இழுதின் பயன்

வகைப்பாட்டின் அடுத்த திருப்பத்தை அறியுமுன், இழுது எதற்கு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பூஞ்சையின் உடல் நுண்ணிழைகளால் ஆனது. இவ்வினங்களில் இழைகளின் புறச்சுவர் கரைந்து, சர்க்கரைப் பொருள்களின் நீள்சங்கிலிகளால் ஆன இழுதாகிறது. அவ்விழுது மழைநீரைத் தன் எடையினும் பன்மடங்கு ஏற்கும். வெயிலில் அதனை இழந்து சருகாகும். மீண்டும் நீர் கண்டால் உயிர்பெற்று வித்திகளை வீசும். சந்தையில் உலர்ந்த பொட்டலமாக விற்கும் கருங்காளானை வெந்நீரில் இட்டதும் அது பாத்திரம் நிறைய விரிவதைக் கண்டோர்க்கு இது புதிதன்று.

இழுதுக்கு ஓர் இடர்ப்பாடும் உண்டு. பசிடியம் இழுதினுள் புதைந்து கிடப்பதால் வித்தியைக் காற்றில் வீச இயலாது. ஆகவே அதன் ஒவ்வோர் அறையும் ஒரு நீண்ட கையை மேற்பரப்பு வரை நீட்டி, அதன் நுனியில் வித்தியைத் தாங்குகிறது. இவ்வமைப்பு காதுக் காளானிலும் உண்டு, டிரெமெல்லாவிலும் உண்டு. ஒரே தேவைக்கு இருவேறு குலங்கள் ஒரே தீர்வைக் கண்டன என்பதே இன்றைய விளக்கம். சுறாவும் ஓங்கிலும் ஒரே வடிவில் நீந்துவது போன்றது இது. சுறா மீன்; ஓங்கில் பாலூட்டி.

5. உறவு வேறாயிற்று

1984-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக அறிஞர் இராபர்ட் பந்தோனி ஒரு மாற்று வகைப்பாட்டை முன்வைத்தார். பசிடியத்தின் வடிவத்தோடு அவர் நிற்கவில்லை. இழைகளுக்கு இடையிலுள்ள துளையின் நுண்ணமைப்பையும் வித்தி முளைக்கும் முறையையும் வாழும் முறையையும் சேர்த்து நோக்கினார். டிரெமெல்லா தன் வாழ்வின் ஒரு பகுதியை ஈஸ்ட் என்னும் நொதியமாகக் கழிக்கிறது. பிற பூஞ்சைகளின்மேல் ஒட்டுண்ணியாக வாழ்கிறது. எக்சிடியாவோ மரத்தை உண்டு வாழ்கிறது. ஆகவே எக்சிடியாவை டிரெமெல்லாவிடமிருந்து பிரித்துக் காதுக் காளானோடு சேர்த்தார்.

1990-களில் வளர்ந்த மரபணு ஆய்வு இக்கூற்றை உறுதிப்படுத்தியது. 2007-இல் டேவிட் ஹிபெட் முதலிய அறுபதுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் கூடி வெளியிட்ட பூஞ்சை வகைப்பாடு, இழுதுக் காளான்களை மூன்று வகுப்புகளில் அமர்த்தியது. டிரெமெல்லா தனக்கென ஒரு வகுப்பில் நின்றது. டாக்ரிமைசிஸ் மற்றொரு வகுப்பில் நின்றது. காதுக் காளானோ குடைக்காளான்களின் பெருவகுப்பிலேயே இடம்பெற்றது. துருநோய்ப் பூஞ்சைகள் தொலைவிலுள்ள வேறொரு கிளைக்குச் சென்றன.

இதன் பொருளை நம் சமையலறையில் வைத்துக் காண்போம். லொங்கான் பழத்தோடு இனிப்புக் கஞ்சியில் இடும் வெண்காளானும், காய்கறியோடு வதக்கும் கருங்காளானும் கடையில் அடுத்தடுத்து இருக்கும். இரண்டும் இழுது, இரண்டும் மரத்தில் விளைவன. ஆனால் கருங்காளானுக்கு நெருங்கிய உறவு சூப்பில் இடும் குடைக்காளான். வெண்காளான், அதாவது டிரெமெல்லா ஃபூசிஃபார்மிஸ், சார்ந்திருக்கும் வரிசையிலேயே மனித மூளையுறையைத் தாக்கும் 'கிரிப்டோகாக்கஸ்' என்னும் நொதியமும் உள்ளது. உண்ணும் வெண்காளானால் அந்நோய் வருவதில்லை. உறவுமுறை மட்டுமே இங்குக் கூறப்படுகிறது. எனினும் நோய் செய்யும் ஓர் உயிரைப் புரிந்துகொள்ள அதன் உண்மையான உறவினரை அறிதல் மருத்துவர்க்கு இன்றியமையாதது.

உழவர்க்கும் அது பயன்பட்டது. வெண்காளானை மட்டும் மரத்தில் விதைத்தால் விளைச்சல் சீராக அமையாது. அது மரத்தில் வாழும் வேறொரு கரும்பூஞ்சையைச் சார்ந்து வாழ்வது என்று தெளிந்தபின், சீன உழவர் இரண்டையும் சேர்த்தே விதைக்கத் தொடங்கினர். கருங்காளானுக்கு அத்துணை தேவையில்லை. மரம் ஒன்றே போதும். சீனத்தில் ஏழாம் நூற்றாண்டு மருந்து நூலே மரக்காது வளர்க்கும் முறையைக் குறிப்பிடுகிறது. வாழ்முறை வேறு என்பதை அறியாமல் இரண்டையும் ஒரே குடும்பமாக எண்ணி ஒரே முறையில் வளர்க்க முயன்றவர் உழைப்பு வீணாகியிருக்கும்.

6. ஒரு காதுக்கு எத்தனை பெயர்

குடும்பங்கள் பிரிந்த கதை இது. சிற்றினங்களின் கதையும் ஒன்று உண்டு. அதில் தமிழ் மண்ணின் சுவடும் உள்ளது.

மயிரடர்ந்த காதுக் காளானுக்கு நம் பாடநூல்களிலும் சந்தைப் பொட்டலங்களிலும் நெடுங்காலம் வழங்கிய அறிவியற் பெயர் 'அவுரிகுலேரியா பாலிட்ரைக்கா'. பாலிட்ரைக்கா என்றால் மயிர் மிக்கது. புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தோடு தொடர்புடைய பெலாஞ்சே என்னும் பிரெஞ்சுப் பயணி, 1825 முதல் 1829 வரை கிழக்கிந்தியப் பகுதிகளில் பயணம் செய்தார். அவர் திரட்டியவற்றை ஆராய்ந்த மொந்தாஞ், 1834-இல் இக்காளானை எக்சிடியா பாலிட்ரைக்கா என்று விவரித்தார். 1885-இல் இத்தாலிய அறிஞர் சக்கார்தோ அதனை அவுரிகுலேரியாவிற்கு மாற்றினார்.

1951-இல் பெர்னார்டு லோவி என்னும் அமெரிக்க அறிஞர், காதுகளை மெல்லிய சீவல்களாக அறுத்து, உள்ளடுக்குகளின் அமைப்பையும் மயிரின் நீளத்தையும் கொண்டு சிற்றினங்களைப் பிரிக்கும் முறையை வகுத்தார். அது அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. பின் மரபணு வந்தது. 2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பாலிட்ரைக்காவும் 1788-இல் ஜமைக்காக் காளான் ஒன்றுக்கு இடப்பட்ட 'நிக்ரிக்கன்ஸ்' என்னும் பெயரும் ஒன்றே எனக் கருதி, முந்திய பெயரே செல்லும் என்றனர். பின்னர்ச் சீன ஆய்வாளர்கள் உலகின் பல பகுதி மாதிரிகளை ஒப்பிட்டு, நிக்ரிக்கன்ஸ் அமெரிக்க வெப்பமண்டலத்திற்கு உரியது என்றும், ஆசியாவில் பரவலாகக் காணப்படுவது 'கார்னியா' என்றும் தெளிவுபடுத்தினர். கார்னியா என்பது கொம்பு போன்றது என்னும் பொருளில், ஹவாய்த் தீவில் கிடைத்த மாதிரிக்கு 1820-இல் ஏரன்பெர்க் இட்ட பெயர்.

இருநூறு ஆண்டுகளில் அறிஞர் வழங்கிய பெயர் பலமுறை மாறிற்று. மலாய்க்காரரின் குரங்குக்காதும் சீனரின் மரக்காதும் ஒருமுறையும் மாறவில்லை. வழக்குப் பெயர் பொருளை அடையாளம் காட்டுவது. அறிவியற் பெயர் உறவைக் கூறுவது. முன்னது மாறவேண்டிய தேவை இல்லை. பின்னது அறிவு வளர வளர மாறியே தீரவேண்டும்.

7. வகுப்பறைக்கு ஒரு சொல்

தமிழில் காளானுக்குப் பழம்பெயர்கள் உண்டு. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார், சமைப்பதற்கு ஒன்றுமின்றிக் காளான் பூத்த அடுப்பைப் பாடும்போது 'ஆம்பி' என்னும் சொல்லை ஆள்கிறார். சிறுபாணாற்றுப்படையில் 'காளாம்பி' வருகிறது. பிற்கால வழக்கில் குடைக்காளான், நாய்க்குடை, முட்டைக்காளான், புற்றுக்காளான் எனப் பல பெயர்கள் எழுந்தன. இவற்றுட் பல குடை வடிவைச் சார்ந்தவை. குடையற்ற இழுது இனத்திற்கு மாணவர் நாவில் பழகிய தமிழ்ப்பெயர் எளிதில் கிடைப்பதில்லை.

இங்கே ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள்கள் மூன்று.

முதலாவது, 'இழுதுக் காளான் குடும்பம்' என்று ஒருமையில் எழுதாதிருத்தல். இழுதுக் காளான்கள் என்பது உருவத்தால் அமைந்த தொகுதிப்பெயர். கொடி, செடி, புதர் என்பன போன்றது. அதனுள் காதுக் காளான் குடும்பம், நடுக்கக் காளான் குடும்பம், கண்ணீர்க் காளான் குடும்பம் எனத் தனித்தனியே கூறலாம். இப்பெயர்கள் மூலப்பெயர்களின் பொருளைத் தாங்குவன, சிறுவர்க்கும் எளியன.

இரண்டாவது, உருவத்தைக் கொண்டு உணவு என முடிவு செய்யாதிருக்கக் கற்பித்தல். காதைப் போன்றதெல்லாம் காதுக் காளான் ஆகாது. காட்டில் கண்டதைப் பார்க்கலாம், வரையலாம், பெயரிடலாம். அறிந்தோர் உறுதி கூறாமல் உண்ணலாகாது.

மூன்றாவது, தோட்ட வழக்குச் சொற்களைத் திரட்டுதல். 2003-இல் நம் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறியதையும், அதனைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். அக்காலத்தில் அறிவியல் பயின்ற மாணவர் பலருக்குப் பூஞ்சை, வித்தி போன்ற சொற்களே அயலாயின. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபோது, பால்மரக் காட்டின் சொற்களும் அவர்களோடு சிதறின. பால்மரம், ஒட்டுப்பால், மங்கு, நிரை ஆகியவற்றை அறிந்த முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். மழைக்குப்பின் பட்டமரத்தில் முளைத்ததை அவர்கள் என்னவென்று அழைத்தனர் என்று மாணவர் கேட்டு எழுதட்டும். ஊர்ப்பெயர், மரத்தின் பெயர், காளானின் ஓவியம், முதியவர் சொன்ன சொல் ஆகிய நான்கும் ஒரு தாளில் இருந்தால் போதும். ஐம்பது தாள்கள் சேர்ந்தால் அது ஒரு சிறு அகராதி.

புனைந்த கலைச்சொல்லினும் வாழ்ந்த சொல் வலிது. அச்சொல் கிடைக்கும்வரை காதுக் காளான் என்போம். கிடைத்தபின் அதனையே முதலில் எழுதுவோம்.

தெங்கைப் புல்லெனக் கண்ட தொல்காப்பியரின் கண் நமக்கு மரபாக வந்த செல்வம். அந்தக் கண்ணோடு சுங்கை ஊடாங் மாணவர் ஒருவர் நாளை மழையில் நனைந்த கிளையொன்றைக் குனிந்து நோக்குவாராயின், இப்பொழிவின் நோக்கம் நிறைவேறும்.